தோட்டத்துக்கு ஒரு ரசீதுப் புத்தகம்

எங்கள் தோட்டத்தை எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்பதை எனக்கு முதலில் சொன்னவர் ஒரு மேஸ்திரி. 2023ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த வாரம் அது. கத்தரிப் பாத்திக்குக் குறுக்கே டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார். வழி தவறி வந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து என்ன வேலை என்று விசாரித்தேன். "வண்டி நிறுத்தக் கொட்டகைக்கு அளவெடுக்கச் சொன்னார்கள் அம்மா. இந்த முருங்கையை நீங்களே வெட்டிவிடுவீர்களா, நாங்கள் வெட்ட வேண்டுமா?" என்று கேட்டார். மரம் வெட்டுவதற்குத் தனிக் கூலியாம்.

வடசென்னையில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு தனியார் தன்னாட்சிக் கல்லூரியில் நான் தாவரவியல் ஆசிரியை. சுயநிதிப் பிரிவு. மைதானத்துக்குப் பின்னால் அரை ஏக்கர், அதாவது ஐம்பது சென்ட், புதர் மண்டிக் கிடந்தது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. விடிகாலையில் லாரித் தண்ணீருக்கு நின்றுவிட்டு வந்த மாணவிகள் வகுப்பில் தூங்கி வழிந்தார்கள். அந்த ஆண்டுதான் 'நிலைத்த வேளாண்மை' என்று ஓராண்டு பட்டயப் படிப்பு ஒன்றைத் தொடங்கினோம். குறைந்த தண்ணீரில் பயிர், மட்கு உரம், மண்ணைச் சருகால் மூடும் மூடாக்கு, விதை சேகரிப்பு, மாடித்தோட்டம், எல்லாம் மாலை வகுப்பு. அடுத்த ஆண்டே கொரோனா வந்துவிட்டது. மண்புழு உரத்தைச் செல்போன் திரையில் நடத்திய கொடுமையை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

மேஸ்திரி போனதும் துறைத்தலைவரிடம் ஓடினேன். அவருக்கும் அரைகுறையாகத்தான் தெரிந்திருந்தது. கல்விக் குழுவின் ஏப்ரல் கூட்ட நிகழ்ச்சி நிரலில் 'சேர்க்கை குறைந்த படிப்புகளை நிறுத்துதல்' என்று ஒரு வரி. அதன் கீழே நான்கு படிப்புகள். மூன்றாவது எங்களுடையது.

அதன் பிறகு முதல் பத்து நாள்களில் நாங்கள் செய்த எதுவும் உருப்படியாக இல்லை. மாணவர்கள் கொதித்தார்கள், நானும் கொதித்தேன். இரண்டே நாளில் நானூறு கையெழுத்துகளுக்கு மேல் வாங்கி, அட்டையெல்லாம் போட்டுக் கொண்டுபோய்ச் செயலர் மேசையில் வைத்தோம். அவர் கோபப்படவில்லை. நிதானமாகப் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இதில் கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேர் அந்தப் படிப்பில் சேர்ந்திருக்கிறார்கள்?" என்று கேட்டார். முப்பது இடத்தில் பதினொரு பேர் சேர்ந்திருந்தார்கள். அட்டை போட்ட கட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. கையெழுத்து இயக்கமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எண்ணிக்கை குறைவு என்பதே குற்றச்சாட்டாக இருக்கும்போது, எண்ணிக்கையையே தூக்கிக்கொண்டு போனது எங்கள் அவசர புத்தி.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதில் என் பிழைப்பும் இருந்தது. வாரத்துக்கு 16 மணி நேர வேலைப்பளுவில் ஆறு மணி நேரம் இந்தப் படிப்பிலிருந்து வந்தது. அது போனால் நான் பகுதி நேர ஆசிரியை ஆவேன். ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர் எனக்கு அழுத்திச் சொன்னார்: "இதை மறைத்துவிட்டு மண்ணுக்காக, மாணவர்களுக்காக என்று மட்டும் பேசாதே. கேட்பவர்கள் அனைவருக்கும் தெரியும். நீயே முதலில் சொல்லிவிடு." சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் அதை என் முதுகுக்குப் பின்னால் பேச வேண்டிய தேவை இருக்கவில்லை.

அவர் சொன்ன இரண்டாவது யோசனைதான் எங்களுக்கு வழியைத் திறந்தது: கணக்காளரைப் போய்ப் பார். நான் அதுவரை கணக்குப் பிரிவுக்குச் சம்பளச் சீட்டு வாங்க மட்டுமே போயிருந்தேன். கணக்காளர் எங்கள் படிப்பின் ஆண்டுச் செலவு 2,80,000 ரூபாய் என்று காட்டினார். எனக்குத் தலை சுற்றியது. விதைக்கும் பொருள்களுக்கும் 22,000, வெளியிலிருந்து வந்து வகுப்பெடுப்பவர்களுக்கு 30,000. அது சரி. மீதி? தோட்டக்கார அண்ணனின் முழு ஆண்டுச் சம்பளம் 1,68,000, ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் மின்கட்டணம் 60,000, இரண்டும் எங்கள் தலையில் எழுதப்பட்டிருந்தன.

அந்த அண்ணன் காலையில் முகப்புப் புல்வெளிக்குத் தண்ணீர் விடுவார், மைதானத்தைப் பெருக்குவார், விழா என்றால் மேடைக்கு வாழைமரம் கட்டுவார், பிறகுதான் எங்களிடம் வருவார். அவருடைய பெயருக்கு எதிரே 'தோட்டம்' என்று இருந்ததால், தோட்டம் என்றால் நாங்கள் என்று 2019இல் யாரோ எழுதிவிட்டார்கள். நான்கு ஆண்டுகளாக யாரும் திருத்தவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஒரு நோட்டில் அவர் எந்த மணி நேரத்தில் எங்கே இருந்தார் என்று மூன்று வாரம் குறித்தோம். எட்டு மணி நேரத்தில் எங்களுக்கு இரண்டு. மோட்டாரும் ஏறக்குறைய அதே கால் பங்கு. திருத்திய கணக்கு 1,09,000 ரூபாயில் வந்து நின்றது. என் சம்பளம் துறைக் கணக்கில் வருவதால் இதில் இல்லை. அதையும் தனி வரியாக எழுதிவைத்தோம்.

வரவுப் பக்கம் எங்கள் லட்சணம் இன்னும் மோசம். கட்டணம் 66,000 மட்டுமே புத்தகத்தில் இருந்தது. கீரைக் கட்டும் கத்தரிக்காயும் ஊழியர்களுக்கு விற்ற காசு ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தது. அதிலிருந்தே எடுத்து விதை வாங்குவோம், பூவாளி வாங்குவோம், ஒருமுறை ஒரு மாணவியின் தேர்வுக் கட்டணத்தைக்கூடக் கட்டினோம். அந்த ஆண்டு மட்டும் 24,000 ரூபாய் புரண்டிருக்கும். கல்லூரிப் புத்தகத்தில் பூஜ்ஜியம். கணக்காளர் என்னைப் பார்த்த பார்வையில் திட்டும் இருந்தது, இரக்கமும் இருந்தது. அன்று மாலையே அவர் கையால் ஒரு ரசீதுப் புத்தகம் கொடுத்தார். பத்து ரூபாய்க் கட்டுக்கும் ரசீது. முதலில் வெட்கமாக இருந்தது. "கீரைக்கு ரசீதா?" என்று வாங்குபவர்கள் சிரித்தார்கள். இதுபோன்ற தோட்டம் நடத்தும் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து நாளைக்கே ஒரு ரசீதுப் புத்தகம் வாங்கிவிடுங்கள்.

அப்போதும் 19,000 ரூபாய் பள்ளம் இருந்தது. அதை நிரப்பும் வழி நாற்றமடிக்கும் இடத்தில் கிடைத்தது.

எங்கள் மாணவர்களில் பலர் கொடுங்கையூர்ப் பக்கம். சென்னையின் இரண்டு பெரிய குப்பைக் கிடங்குகளில் ஒன்று அவர்கள் வீட்டு வாசலில் இருக்கிறது. மற்றது பெருங்குடியில். காற்று திரும்பினால் சாப்பிட முடியாது என்பார்கள். விடுதியும் உணவகமும் கொட்டுவது அங்கேதான் போகிறது என்பதால், அதை வளாகத்திலேயே மட்கவைக்கும் வேலையை முதல் அணி மாணவர்கள் தாங்களாகவே ஆரம்பித்திருந்தார்கள். நாங்கள் அதை ஒரு செய்முறைப் பயிற்சியாக மட்டும் நினைத்துக்கொண்டிருந்தோம். அப்போது நடைமுறையில் இருந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், 2016ஐ எடுத்துப் படித்தபோதுதான் தெரிந்தது, 5,000 சதுர மீட்டருக்கு மேல் பரப்புள்ள நிறுவனங்கள் குப்பையைத் தரம் பிரிப்பதோடு, மட்கும் குப்பையை முடிந்தவரை தங்கள் வளாகத்துக்குள்ளேயே மட்கவைக்க வேண்டும் என்று. அப்படியென்றால் எங்கள் குழிகள் கல்லூரியின் சட்டக் கடமையைச் சுமந்துகொண்டிருந்தன. படிப்பு போனால் அந்த வேலையை யார் செய்வார்கள்?

பழைய இரும்புக் கடையில் ஒரு தொங்கு தராசு வாங்கி 21 நாள் எடை போட்டோம். சராசரி நாளைக்கு 46 கிலோ. புளித்த சாம்பார், வாழையிலை, காய்த்தோல். இதை அப்படியே குழியில் கொட்டினால் இரண்டாம் நாள் ஈ மொய்க்கும், மூன்றாம் நாள் புகார் வரும். ஒரு கூடை ஈரக் குப்பைக்கு இரண்டு கூடை காய்ந்த சருகு என்பது எங்கள் வாய்ப்பாடு. கரிமமும் தழைச்சத்தும் (கார்பனும் நைட்ரஜனும்) முப்பதுக்கு ஒன்று என்ற அளவில் இருந்தால் குவியல் நன்றாகச் சூடேறும் என்று பாடத்தில் நடத்துகிறோமே, அதன் கூடைக் கணக்கு இது. சூடு ஏறியிருக்கிறதா என்று பார்க்க அண்ணன் கையை உள்ளே விடுவார். வைத்திருக்க முடியாமல் வெடுக்கென்று எடுத்தால் சரி. தூங்குமூஞ்சி மரச் சருகு முன்பெல்லாம் மைதானத்து ஓரத்தில் எரிக்கப்பட்டது, இப்போது அதற்குப் போட்டி. கணக்காளர் தானாகவே பழைய பேரேட்டைப் புரட்டி, புல்வெளிக்கு எரு வாங்கிய செலவு 2019க்குப் பிறகு வரவே இல்லை என்று கண்டுபிடித்துச் சொன்னார். அந்தத் தொகையை அவரே ஒரு வரியாகச் சேர்த்தார். பள்ளம் மூடிக்கொண்டது.

இதற்கிடையே ஒரு பகையைத் தீர்க்க வேண்டியிருந்தது. காசிமேட்டிலிருந்து ஒரு மாணவன் மீன் கழிவு கொண்டுவருவான். அதன் எடைக்குச் சமமாக வெல்லம் சேர்த்து, மூடி, 21 நாள் வைத்தால் பயிருக்குத் தெளிக்கும் மீன் அமிலம். பக்குவமாக வந்தால் பழவாசனை அடிக்கும். எங்கள் முதல் இரண்டு பீப்பாய்கள் பக்குவமாக வரவில்லை. அவை நின்ற இடம் வணிகவியல் துறை ஜன்னலுக்கு நேர் கீழே. அந்தத் துறைத்தலைவர் கல்விக் குழுவில் உறுப்பினர். இரண்டு ஆண்டுகளாக அவர் முகம் சுளிப்பதைப் பார்த்தும் பார்க்காதது போல் இருந்திருக்கிறோம். பீப்பாய்களைச் சுற்றுச்சுவர் மூலைக்கு மாற்றிவிட்டு, அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். முதலில் ஒரு மூச்சு திட்டித் தீர்த்தார். பிறகு உட்காரச் சொன்னார். கடைசியில் அவர் சொன்னதுதான் எங்களைக் காப்பாற்றிய யோசனை: "ஓராண்டுப் பட்டயம் என்றால் யாரும் வர மாட்டார்கள். இரண்டு கிரெடிட் விருப்பப் பாடமாக எல்லாத் துறைக்கும் திறந்துவிடு. என் பிள்ளைகள் இருபது பேரையாவது அனுப்புகிறேன். கணக்கு எழுதவாவது கற்றுக்கொண்டு வருவார்கள்."

சேர்க்கை ஏன் குறைந்தது என்று தெரியாமல் கூட்டத்துக்குப் போவதில் அர்த்தமில்லை என்று தோன்றியது. படிப்பைப் பாதியில் விட்டவர்கள், விண்ணப்பம் வாங்கியும் சேராதவர்கள் என்று ஒன்பது வீடுகளுக்குப் போனேன். கொரோனா, மாலை நேரம், பஸ் என்று வழக்கமான காரணங்களை எதிர்பார்த்தேன். அவையும் இருந்தன. வியாசர்பாடியில் ஒரு வீட்டில் மாணவியின் ஆயா எனக்குக் காபி கொடுத்துவிட்டுக் கேட்டார்: "டீச்சரம்மா, நான் பொன்னேரிப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நடவு நட்டு இடுப்பு ஒடிந்தவள். களையெடுத்த கூலியை நெல்லாக அளந்து, அதிலும் பதர் கலந்து போடுவார்கள். அதிலிருந்து தப்பித்து இங்கே வந்து, என் மகன் மூட்டை தூக்கிப் பேத்தியைக் காலேஜுக்கு அனுப்பினால், அங்கேயும் மண்வெட்டி கொடுக்கிறீர்களே?"

எனக்குப் பதில் வரவில்லை. இயற்கை விவசாயத்தைப் பற்றி நான் வகுப்பில் பேசும் இனிமையான பேச்செல்லாம், நிலம் வைத்திருந்த குடும்பத்திலிருந்து வந்தவளின் பேச்சு என்பது அந்தத் திண்ணையில்தான் உறைத்தது. பாரம்பரியம், முன்னோர் என்று எங்கள் விளம்பரத் தாளில் அச்சடித்திருந்தோம். யாருடைய முன்னோர்? அந்தத் தாளை முழுதாக மாற்றினோம். மண், நீர் பரிசோதனை செய்வது எப்படி, மட்குக் கூடம் நடத்துவது எப்படி, நாற்றுப் பண்ணைக்கு வரவு செலவு எழுதுவது எப்படி என்று வேலைகளின் பெயரைப் போட்டோம். வேலை நிச்சயம் என்று போடவில்லை, அது பொய். முடித்தவர்களில் ஒருவர் மாதவரத்தில் நாற்று விற்கிறார். இருவர், தோட்டக்கலைத் துறை மானியத்தில் தரும் மாடித்தோட்டத் தளையை (பை, விதை, உரம் அடங்கிய தொகுப்பு) வாங்கிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கும் வீடுகளுக்குப் போய்த் தோட்டம் அமைத்துத் தருகிறார்கள். மற்றவர்கள் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள். அதையும் அப்படியே எழுதினோம். அந்தப் பேத்தி சேரவில்லை.

கூட்டத்தில் வரக்கூடிய கேள்விகளை எழுதிப் பார்த்தபோது, ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை: இந்த ஊர் மண்ணில் விளைந்ததைச் சாப்பிடலாமா? சுற்றிலும் லாரிக் கொட்டகைகள், பட்டறைகள், ரயில் பாதை. நாங்கள் அதுவரை தழை, மணி, சாம்பல் சத்து மட்டுமே பரிசோதித்திருந்தோம். இந்த முறை பாத்திவாரியாக 'வி' வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழக் குழி வெட்டி, பக்கவாட்டில் சீவி எடுத்த மண்ணை ஒன்றாகக் கலந்து, கால்பங்கிட்டு அரை கிலோவாகக் குறைத்து, கன உலோகங்களுக்கும் சேர்த்து ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பினோம். பாத்திகளில் கவலைப்பட ஒன்றும் இல்லை. சுற்றுச்சுவரை ஒட்டிய பட்டையில் மட்டும் ஈயம் கூடுதலாக இருந்தது. புதர் வெட்டிய காலத்தில் அங்கே பழைய பேட்டரி ஓடுகள் கிடைத்ததை அண்ணன் நினைவுபடுத்தினார். நல்லவேளை, அங்கே நாங்கள் ஆமணக்கும் சாமந்தியும்தான் போட்டிருந்தோம்.

அந்த முடிவை மறைத்துவிடலாமா என்று ஒருநாள் முழுக்க யோசித்தேன். பிறகு அதையே எங்கள் குறிப்பில் முதல் பத்தியாக வைத்தோம். சுவரோர இருபது சென்ட்டை வண்டி நிறுத்தத்துக்கு எடுத்துக்கொள்ளலாம், ஈயம் படிந்த மண்ணைக் கிளறிப் பயிர் வைப்பதைவிடச் சிமென்ட் போட்டு மூடுவது நல்லது, மீதி முப்பது சென்ட் எங்களுக்குப் போதும் என்று எழுதினோம். நிலத்தில் ஏறக்குறைய பாதியை விட்டுக்கொடுக்கிறீர்களே என்று மாணவர்கள் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. முருங்கையும் அந்த இருபது சென்ட்டில்தான் இருந்தது.

குறிப்பு மொத்தம் இரண்டே பக்கம். ஏப்ரல் கூட்டத்துக்குச் சரியாக 24 நாள் முன்பு, கூட்ட அறைக்குப் போகும் வழியோரப் பாத்திகளில் முளைக்கீரை விதைத்தோம். கூட்டத்தன்று அது தளதளவென்று நின்றது. இது சூழ்ச்சிதான், ஒப்புக்கொள்கிறேன். உறுப்பினர்களுக்கு ஆளுக்கொரு கட்டு கொடுக்கலாம் என்று மாணவர்கள் சொன்னபோது மட்டும் வேண்டாம் என்றேன். ரசீது போட்டால் வியாபாரம், போடாவிட்டால் லஞ்சம். கீரையை விதைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பட்டயப் படிப்பு என்று வைத்தால் பல மாதம் நிற்கும் பயிரைப் பற்றிப் பேசலாம். ஒரு பருவத்துக்கான விருப்பப் பாடம் என்றால் விதைப்பு முதல் அறுவடை வரை 90 வேலைநாள்களுக்குள் முடிய வேண்டும். கீரை அந்தக் கணக்கில் மூன்று முறை வரும்.

கூட்டத்தில் எங்களுக்குப் பத்து நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. துறைத்தலைவர் பேசினார், நான் கேள்விகளுக்கு மட்டும் வாய் திறந்தேன். ஈயத்தைப் பற்றிக் கேட்டார்கள். சம்பளத்தைப் பற்றிக் கேட்டார்கள். கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் (NAAC) குழு வரும்போது எங்கள் மட்குக் குழியின் படம்தானே 'சிறந்த நடைமுறைகள்' பகுதியில் போகிறது என்று முதல்வர் யாரையும் பார்க்காமல் சொன்னார். வணிகவியல் துறைத்தலைவர், "நாற்றம் இப்போது இல்லை" என்றார். அவ்வளவுதான். பட்டயப் படிப்பு நிறுத்தப்பட்டது. அதற்குப் பதில் எல்லாத் துறைக்கும் பொதுவான இரண்டு கிரெடிட் விருப்பப் பாடம், 60 மணி நேரமும் செய்முறை, இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு மறுபரிசீலனை. மாலை வகுப்புக்கு எனக்குக் கிடைத்துவந்த கூடுதல் தொகை போய்விட்டது. காப்பாற்றினோம் என்று நான் சொன்னால், என் கணவர் எதைக் காப்பாற்றினாய் என்று கேட்பார்.

ஜூன் மாதம் 58 பேர் சேர்ந்தார்கள். பாதிக்கு மேல் வணிகவியல். முருங்கையை வெட்டும் முன் போத்துகளை (நடுவதற்கான கிளைத்துண்டுகளை) எடுத்து ஏழு இடங்களில் நட்டோம், ஐந்து துளிர்த்தன. அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. வியாசர்பாடி, பெரம்பூர், கொடுங்கையூர் எல்லாம் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றபோது எங்கள் முப்பது சென்ட்டும் நின்றது. சாக்கடையும் கலந்த தண்ணீர். மட்கு முழுதும் கரைந்து ஓடிவிட்டது. வடிந்த பிறகு இரண்டு மாதம் எதையும் உண்ணப் பயிரிடவில்லை. பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து, 45ஆம் நாள் பூக்கும் முன் மடக்கி மிதித்தோம். எங்கள் விருப்பப் பாடத்தை எடுத்திருந்த வணிகவியல் மாணவர்கள் சேற்றில் இறங்கி மிதித்த நாளில், மேலே ஜன்னலில் அவர்களின் துறைத்தலைவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

2025 மறுபரிசீலனையில் கேள்வி அதிகம் இல்லை. ரசீதுப் புத்தகங்கள் ஆறு சேர்ந்திருந்தன. இப்போதைய சிக்கல் வேறு. வண்டி நிறுத்தத்தின் சிமென்ட் தளத்தில் விழும் மழைநீர் முழுதும் சரிந்து எங்கள் பாத்திகளுக்குத்தான் வருகிறது. குறுக்கே ஒரு வடிகால் வெட்டி, அந்தத் தண்ணீரை ஓர் உறிஞ்சுகுழியில் விட வேண்டும். செலவுக்கு ஒப்புதல் வேண்டுமானால் மூன்று விலைப்புள்ளிகள் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் கணக்காளர். இரண்டு வந்துவிட்டன. மூன்றாவதுக்கு அன்று முருங்கையைப் பற்றிக் கேட்ட மேஸ்திரியையே கூப்பிட்டிருக்கிறேன். திங்கட்கிழமை டேப்போடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.